இமானுவேல் பாக்கின் இசையைக் கேட்கப் பழகுவது எப்படி?

பாக் என்று மட்டும் சொன்னால் இன்று எல்லோருக்கும் யோஹான் செபாஸ்தியன் பாக்தான் நினைவுக்கு வருவார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மானிய இசை வட்டாரங்களில் அந்தப் பெயர் பெரும்பாலும் அவருடைய மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேலைத்தான் குறித்தது. ஹைடனும் மோட்சார்ட்டும் பீத்தோவனும் மதித்துப் போற்றிய பாக் இவர். ஆனாலும் மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ஓரளவு பழக்கமுள்ளவர்கள்கூட இவருடைய ஒரு சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்பு) பாதி கேட்டுவிட்டு விலகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மோட்சார்ட்டின் தடையற்ற ஓட்டத்தை எதிர்பார்த்து உட்காருபவருக்கு, நடுவில் நின்று, திடீரென்று குரலை உயர்த்தி, மறுகணம் முணுமுணுக்கும் இந்த இசை கோர்வையற்றதாகத் தோன்றுகிறது. இதைப் பாட்டாகக் கேட்பதைவிடப் பேச்சாகக் கேட்பதே பொருத்தம் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்களில் பலர் எழுந்து போயிருக்க மாட்டார்கள். எதிலிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் போவது, எந்த இடத்தில் காதைக் கூர்மையாக வைத்துக்கொள்வது என்பதை இங்கே எழுதுகிறேன். இசைக் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பெயரும் எண்ணும்

தேடத் தொடங்கும்போதே ஒரு குழப்பம் வரும். பாக் குடும்பத்தில் இசையமைப்பாளர்கள் பலர் இருந்ததால், தந்தையின் படைப்புகளும் மகன்களின் படைப்புகளும் தேடலில் ஒன்றாகக் கலந்தே வந்து நிற்கும். நமக்கு வேண்டியவர் ‘சி. பி. இ. பாக்’ என்ற முன்னெழுத்துகளோடு வருவார். ‘ஜே. சி. பாக்’ என்றிருந்தால் அது பிற்காலத்தில் லண்டனில் புகழ்பெற்ற தம்பி யோஹான் கிறிஸ்தியன்; ‘டபிள்யூ. எஃப். பாக்’ என்றிருந்தால் அண்ணன் வில்ஹெல்ம் ஃபிரீடெமான்.

அடுத்தது பட்டியல் எண். இவருடைய படைப்புகளை ஆல்ஃபிரட் வோட்கென் என்பவர் 1905இல் பட்டியலிட்டார். 1989இல் யூஜின் ஹெல்ம் இன்னொரு பட்டியலை வெளியிட்டார். பதிவுகளின் உறைகளில் ‘டபிள்யூகியூ’ என்ற சுருக்கத்துக்குப் பின் வருவது முதலாமவரின் எண், ‘எச்’ என்பதற்குப் பின் வருவது இரண்டாமவரின் எண். நான் இங்கே வோட்கென் எண்ணையே தருகிறேன், ஏனெனில் பெரும்பாலான பதிவுகளில் அது தவறாமல் இருக்கும். எண்ணைப் பார்த்து வாங்குவதும் தேடுவதும் வீண் வேலையல்ல. இவர் ஒரே கான்செர்ட்டோவை (ஒரு தனிக்கருவிக்கும் இசைக்குழுவுக்குமான படைப்பு) வெவ்வேறு கருவிகளுக்கு மாற்றி எழுதும் வழக்கமுள்ளவர். ஏ மேஜர் செல்லோ கான்செர்ட்டோ (வோட்கென் 172; ‘ஏ’ என்பது ஆதார சுரத்தின் பெயர், ‘மேஜர்’, ‘மைனர்’ என்பவை இரு வகைச் சுரவரிசைகள்) புல்லாங்குழலுக்கு 168 என்ற எண்ணிலும் விசைப்பலகைக் கருவிக்கு 29 என்ற எண்ணிலும் கிடைக்கிறது. இது தெரியாதவர் மூன்று தனித்தனிப் படைப்புகளைக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

வாழ்க்கையில் தெரிந்திருக்க வேண்டியவை

வாழ்க்கை வரலாறு முழுவதும் தேவையில்லை, ஆனால் இரண்டு ஊர்களையும் ஒரு சம்பளத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டால் இசை இன்னும் விளங்கும். இமானுவேல் 1714 மார்ச் 8 அன்று வைமாரில் பிறந்தார். தந்தையின் நண்பரும் அக்காலத்தின் பெரும்புகழ் பெற்ற இசையமைப்பாளருமான டெலமான் இவருடைய ஞானத்தந்தை. தந்தையிடமே இசை கற்று, லைப்சிகிலும் ஃபிராங்ஃபர்ட் அன் டெர் ஓடரிலும் சட்டம் படித்த பிறகு, 1738இல் பிரஷ்யாவின் பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1740இல் அந்த இளவரசர் அரசரானதும், இமானுவேல் பெர்லின் அரசவையில் ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகைக் கருவியை வாசிக்கும் கலைஞரானார்.

அரசர் புல்லாங்குழல் வாசிப்பவர். மாலைக் கச்சேரிகளில் அவருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதே இமானுவேலின் வேலை. அரசரின் புல்லாங்குழல் ஆசிரியர் குவாண்ட்ஸ் ஆண்டுக்கு 2,000 தாலர் (அக்கால ஜெர்மானிய வெள்ளி நாணயம்) பெற்ற அதே அவையில், இவருக்குத் தொடக்கத்தில் கிடைத்தது 300 தாலர். அரசரின் இசை ரசனை காலம் போகப்போக இறுகிக்கொண்டே போனது. இவருடைய ரசனையோ புதிய திசைகளைத் தேடிக்கொண்டே இருந்தது. அவையில் சொல்ல இடமில்லாததையெல்லாம் வீட்டில் தனியாக விசைகளின் முன் உட்கார்ந்து சொன்னவர் இவர் என்பது என் எண்ணம். பெர்லின் காலத்துச் சொனாட்டாக்களில் கேட்கும் அந்தரங்கமான தொனிக்கு வேறு விளக்கம் எனக்குப் பிடிபடவில்லை.

1767இல் டெலமான் இறந்தபோது அவர் வகித்த ஹாம்பர்க் பதவி இவருக்குக் கிடைத்தது. 1768இல் அங்கே குடிபெயர்ந்து, நகரின் ஐந்து முதன்மைத் தேவாலயங்களின் இசைக்கும் பொறுப்பேற்று, 1788 டிசம்பர் 14 அன்று இறக்கும்வரை அங்கேயே இருந்தார். தேவாலய வேலை மலைபோல் குவிந்திருந்தாலும், தம் சொந்த இசையை யாருக்காக எழுதுவது என்பதை அவரே தீர்மானிக்க முடிந்தது அந்த நகரில்தான்.

முதலில் கிளாவிகார்டின் ஒலியைக் கேளுங்கள்

படைப்புகளுக்குள் போகும் முன், கிளாவிகார்ட் என்ற கருவியின் ஒலியைக் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். இவருடைய இசைக்கான சாவி அங்கேதான் இருக்கிறது. ஹார்ப்சிகார்டில் விசையை அழுத்தினால் ஒரு சிறு முனை தந்தியைச் சுண்டிவிட்டு விலகிவிடும். பியானோவில் சுத்தியல் அடித்துவிட்டு விலகிவிடும். கிளாவிகார்டிலோ விசையின் மறுமுனையில் உள்ள ஒரு சிறிய பித்தளைத் தகடு தந்தியைத் தொட்டு, விரல் விசையின் மேல் இருக்கும்வரை அதைத் தொட்டபடியே நிற்கும். அதாவது ஒலி பிறந்த பிறகும் வாசிப்பவரின் விரல் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விசையை மெல்ல அழுத்தித் தளர்த்தி அழுத்தினால் தந்தியின் இறுக்கம் மாறி, சுரம் நடுங்கும். இதற்கு ஜெர்மானிய மொழியில் ‘பேபுங்’ என்று பெயர். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த உத்தி உடனே பிடிபட்டுவிடும்.

இக்கருவியின் ஒலி மிகமிகச் சிறியது. ஒரு சிறிய அறையைத் தாண்டிக் கேட்காது. பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினாலே மூழ்கிவிடும். ஆகையால் பதிவைக் கேட்கும்போது ஒலியளவைக் கூட்டாதீர்கள். கொஞ்சம் முன்னால் குனிந்து கேட்க வேண்டிய அளவுக்குக் குறைத்துவிடுங்கள். மின்விசிறியின் சத்தமே இடைஞ்சலாக இருக்கும் என்பதால் அதையும் சற்று நேரம் நிறுத்திவைக்கலாம். ஒலியைப் பெரிதாக்கிக் கேட்டால் கிளாவிகார்ட் தகரம்போல் ஒலிக்கிறது என்று பலர் குறைசொல்வார்கள்; குறைத்துக் கேட்டால் அதே கருவியில் எத்தனை படிகளில் மென்மை இருக்கிறது என்பது தெரியவரும். ஹங்கேரியக் கலைஞர் மிக்லோஷ் ஷ்பான்யி இக்கருவியில் இமானுவேலின் படைப்புகளை ஏராளமாகப் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் எதையாவது எடுத்துப் பத்து நிமிடம் கேட்டால் போதும்.

இமானுவேல் இக்கருவியில் வாசித்ததை நேரில் பார்த்த ஒருவரின் சாட்சியம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி 1772இல் ஹாம்பர்க் வந்து இவரைச் சந்தித்தார். உணவுக்குப் பிறகு ஜில்பர்மன் செய்த தம் கிளாவிகார்டின் முன் மறுபடியும் உட்கார்ந்த இமானுவேல், இரவு பதினொரு மணி நெருங்கும்வரை எழவில்லை. கண்கள் ஒரே இடத்தில் நிலைகுத்தியிருந்தன, கீழுதடு தொங்கிவிட்டது, முகத்தில் வியர்வை துளித்தது. அடிக்கடி இப்படி வாசிக்கவைத்தால் தாம் மறுபடி இளைஞனாகிவிடுவேன் என்று அவர் சொன்னதையும் பர்னி எழுதிவைத்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 58. சொனாட்டாக்களைக் கேட்கும்போது இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொனாட்டாக்கள்

முதல் சொனாட்டாவாக நான் பரிந்துரைப்பது, 1742இல் வெளிவந்து அரசர் ஃபிரெடெரிக்குக்குக் காணிக்கையாக்கப்பட்ட ‘பிரஷ்யச் சொனாட்டாக்கள்’ தொகுப்பின் முதல் சொனாட்டா (வோட்கென் 48, எண் 1). அதன் இரண்டாம் பகுதியை மட்டும் தனியாக எடுத்துக் கேளுங்கள். மெதுவாகத் தொடங்கும் ஒரு சோகமான மெட்டு சில அடிகள் போனதும் அறுபடுகிறது. பிறகு வலக்கை, தாளக்கட்டை விட்டுவிட்டு, ஓபரா மேடையில் ஒரு பாத்திரம் பாட்டை நிறுத்திவிட்டுப் பேச்சும் பாட்டுமாகத் தன் துயரத்தைச் சொல்வதுபோல் உடைந்த வாக்கியங்களை வாசிக்கிறது. இடக்கை ஆங்காங்கே ஒரு சுரக்கூட்டை மட்டும் ஊன்றுகிறது. பிறகு மெட்டு திரும்பி வருகிறது. மறுபடியும் பேச்சு குறுக்கிடுகிறது. வார்த்தை ஒன்றுகூட இல்லாத இந்தப் பேச்சில் எந்த இடம் கேள்வி, எந்த இடம் பெருமூச்சு, எந்த இடத்தில் சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிறுத்திவிட்டார் என்று நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள். இது பிடிபட்டுவிட்டால் மற்றவை எல்லாம் எளிது.

அடுத்து 1744இல் வந்த ‘வூர்ட்டம்பெர்க் சொனாட்டாக்கள்’ (வோட்கென் 49). அவற்றில் ஏ மைனரில் அமைந்த முதலாவதும் பி மைனரில் அமைந்த ஆறாவதும் என் விருப்பங்கள். இவற்றை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை எதையும் ஆராயாமல் கேளுங்கள். இரண்டாம் முறை மௌனங்களை மட்டும் கவனியுங்கள்: இசை எங்கெல்லாம் நிற்கிறதோ, அங்கெல்லாம் பதிவையும் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன வரும் என்று மனத்துக்குள் பாடிப் பாருங்கள். பிறகு பதிவை ஓடவிடுங்கள். பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்த்தது வராது. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள தூரத்தில்தான் இவருடைய உணர்ச்சி இருக்கிறது. மூன்றாம் முறை நிறுத்தாமல் கேட்டால், முன்பு கோர்வையற்றதாகத் தோன்றிய அதே இடங்கள் பொருளோடு ஒலிக்கும். இந்தப் பயிற்சிக்கு நேரமாகும், ஆனால் இதைச் செய்யாமல் பத்துச் சொனாட்டாக்களைக் கேட்பதைவிட, இதைச் செய்து ஒன்றைக் கேட்பது மேல்.

இளமையில் இவருடைய ஆறு சொனாட்டாக்கள் கைக்குக் கிடைத்தபோது, அவற்றை முழுவதும் வாசித்து முடிக்கும்வரை கருவியை விட்டு எழவில்லை என்று ஹைடன் முதுமையில் தம் வரலாற்றை எழுதியவரிடம் நினைவுகூர்ந்தார். ஹைடனின் இசையில் திடீரென்று வரும் நிறுத்தங்களை ரசித்தவர்கள், அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்பதை இங்கே காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சிம்பொனிகள்

சொனாட்டாவில் ஒரு மனிதர் பேசினார் என்றால், சிம்பொனியில் ஒரு கூட்டமே அதே வேகத்தில் மனம் மாறுகிறது. 1773இல் எழுதிய ஆறு ‘ஹாம்பர்க் சிம்பொனிகள்’ (வோட்கென் 182) தந்திக்கருவிகளுக்கானவை. இவற்றை எழுதச் சொன்னவர் பெர்லினில் ஆஸ்திரியத் தூதராக இருந்த பாரன் ஃபான் ஸ்வீட்டன். வாசிப்பவர்களுக்குக் கடினமாக இருக்குமே என்று தயங்காமல் மனம்போல் எழுதும்படி அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் ஹைடனின் ‘படைப்பு’ என்னும் இசைநாடகத்துக்கு வரிகளை அமைத்துத் தந்தவர் இதே மனிதர்தான்; பீத்தோவன் தம் முதல் சிம்பொனியைக் காணிக்கையாக்கியதும் இவருக்குத்தான். ட்ரெவர் பின்னாக்கின் தலைமையில் இங்கிலிஷ் கான்செர்ட் குழு வாசித்த பதிவு தொடங்குவதற்கு நல்லது.

அவற்றைவிடவும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1775–76இல் எழுதிய நான்கு சிம்பொனிகள் (வோட்கென் 183). டி மேஜரில் அமைந்த முதலாவதன் தொடக்கத்தை மட்டும் ஒரு நிமிடம் கேளுங்கள். முதல் வயலின்கள் டி என்ற ஒரே சுரத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, தாளத்துக்குக் குறுக்கே திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. ஒவ்வொரு முறையும் அந்தச் சுரத்தின் நீளம் குறைகிறது. தாளத்தின் வேகம் துளியும் மாறவில்லை என்றாலும், சுரங்கள் குறுகக் குறுக, இசை எதையோ நோக்கி ஓடத் தொடங்கிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. முதன்முதலில் இதைக் கேட்டபோது, பாட்டு எங்கே தொடங்கியது, முதல் அடி எங்கே விழுந்தது என்று தெரியாமல் நான்கைந்து முறை ஆரம்பத்துக்கே திரும்பிப் போனேன். விரலால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இந்தச் சிம்பொனியைக் கேட்கும்போது ஒரு சிறு ஏற்பாடு தேவை. இதன் மூன்று பகுதிகளும் இடைவெளியின்றி ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன; முதல் பகுதி முறையாக முடியாமல், வழி தவறியதுபோல் இரண்டாம் பகுதிக்குள் போய்விடும். உங்கள் செயலி பாடல்களைக் கலைத்துப் போடும்படியோ, பாடல்களுக்கு இடையே சில விநாடி நிறுத்தும்படியோ அமைக்கப்பட்டிருந்தால் அதை மாற்றிவிடுங்கள். அந்த இரண்டு விநாடி வெட்டு, இசையமைப்பாளர் மிகக் கவனமாகச் செய்த ஒட்டைக் கெடுத்துவிடும்.

கான்செர்ட்டோவில் இரண்டு போதும்: 1748இல் எழுதிய டி மைனர் ஹார்ப்சிகார்ட் கான்செர்ட்டோவும் (வோட்கென் 23), மேலே சொன்ன ஏ மேஜர் செல்லோ கான்செர்ட்டோவின் நடுப்பகுதியும். பின்னதில் தந்திகளின் ஒலியை அடக்கி வாசிக்கும்படி குறித்திருக்கிறார். அந்த மங்கிய ஒலிக்கு மேல் செல்லோ தனியாக அழுவதைக் கேட்க மறக்காதீர்கள்.

தேவாலய இசையைத் தொடக்கத்தில் தள்ளிவையுங்கள். ஹாம்பர்க்கில் ஆண்டுதோறும் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஒரு இசைநாடகத்தை அரங்கேற்ற வேண்டிய கட்டாயத்தில், மற்றவர்களின் இசையையும் தம் பழைய இசையையும் சேர்த்துத் தைத்த இடங்கள் நிறைய உண்டு. விதிவிலக்காக 1749ஆம் ஆண்டின் ‘மாக்னிஃபிகாத்’ என்ற மரியாளின் துதிப்பாடல் (வோட்கென் 215), 1769இல் எழுதிய ‘பாலைவனத்தில் இஸ்ரவேலர்’ (வோட்கென் 238) ஆகிய இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

விசைகளில் கைவைப்பவர்களுக்கு

பியானோ கற்கும் பலருக்கு இவருடைய பெயர் ‘சொல்ஃபெஜியெட்டோ’ (வோட்கென் 117, எண் 2) என்ற ஒரே சிறு படைப்பின் வழியாகத்தான் தெரியும். சி மைனரில் ஒரே இழையாக ஓடும் இதை இரண்டு கைகளும் மாறி மாறி ஏந்துகின்றன. வேகமாக வாசித்துக் காட்டுவதற்கான பயிற்சியாக மட்டும் இதைக் கருதுவது தவறு. கைமாறும் இடங்கள் காதுக்குத் தெரியாதபடி, ஒரே மூச்சில் சொல்லும் ஒரு நீண்ட வாக்கியம்போல் வாசிக்கப் பழகுங்கள்.

இவர் எழுதிய ‘விசைக்கருவியை வாசிக்கும் உண்மையான முறை பற்றிய கட்டுரை’ என்ற நூலின் முதல் பகுதி 1753இலும் இரண்டாம் பகுதி 1762இலும் வந்தன. பின்னாளில் பியானோ ஆசிரியராகப் புகழ்பெற்ற செர்னியைச் சிறுவயதில் மாணவனாக ஏற்றபோது, இந்த நூலை வாங்கிவரும்படி பீத்தோவன் அவன் தந்தையிடம் சொன்னார். விரலமைப்பு, அலங்காரச் சுரங்கள், வாசிப்பு முறை என்று விரியும் அந்நூலில், பழக்கப்பட்ட பறவைபோல் வாசிக்காமல் உள்ளத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்றும், தானே நெகிழாத கலைஞர் கேட்பவரை நெகிழவைக்க முடியாது என்றும் எழுதுகிறார். இதற்கு அவர் சொல்லும் வழி மிக நடைமுறையானது: நல்ல பாடகர்களைக் கேளுங்கள், பாடுவதுபோல் சிந்திக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு சொற்றொடரை எப்படி வாசிப்பது என்று தெரியாவிட்டால் அதை முதலில் உங்களுக்குள் பாடிப் பாருங்கள். எந்தக் கருவியைக் கற்பவருக்கும் இது பொருந்தும். இவருடைய படைப்புகளின் புதிய முழுப் பதிப்பைப் பாக்கார்ட் மானிடப்புல நிறுவனம் (Packard Humanities Institute) 2005 முதல் வெளியிட்டிருக்கிறது. அதன் தொகுதிகளை இணையத்தில் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம் என்பதால், குறியீடு படிக்கத் தெரிந்தவர்கள் பதிவோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டே கேட்கலாம்.

ஃபேன்டசியாக்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்

இவருடைய கலையின் உச்சம், கட்டான வடிவமின்றி மனம்போன போக்கில் வாசிப்பதுபோல் அமைந்த ஃபேன்டசியாக்கள்தாம் என்றாலும், அவற்றிலிருந்து தொடங்கியவர்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. 1753ஆம் ஆண்டு நூலோடு வந்த மாதிரிப் படைப்புகளில் கடைசியாக இருக்கும் சி மைனர் ஃபேன்டசியா (வோட்கென் 63, எண் 6) முதலில் வரட்டும். தாளக் கோடுகளே இல்லாமல் எழுதப்பட்ட நீண்ட பகுதிகள் இதில் உண்டு. நம் காதுக்கு உடனே ஆலாபனை நினைவுக்கு வரும். அந்த ஒப்புமை ஒரு வாசல்வரைதான் அழைத்துச் செல்லும். ஆலாபனையில் பாடகர் ஒரே ராகத்துக்குள் நின்று அதன் முகத்தைப் படிப்படியாகக் காட்டுகிறார். இமானுவேலோ நின்ற இடத்தை விட்டு விலகி, எதிர்பாராத ஆதார சுரங்களுக்குத் தாவி, மறுபடி வீடு திரும்புகிறார். ஆகவே இங்கே கவனிக்க வேண்டியது, அவர் எவ்வளவு தூரம் போனார், எந்தப் பாதையில் திரும்பினார் என்பதைத்தான். இதற்கான செய்முறையையும் அவர் மறைக்கவில்லை. நூலின் இரண்டாம் பகுதியின் கடைசி அத்தியாயத்தில், கீழ்ச்சுரங்களின் எலும்புக்கூட்டை மட்டும் முதலில் காட்டி, அதன்மேல் ஒரு டி மேஜர் ஃபேன்டசியாவை எப்படி வளர்த்தார் என்பதை விளக்குகிறார்.

அதன்பின் 1787இல், இறப்பதற்கு ஓராண்டு முன் எழுதிய எஃப் ஷார்ப் மைனர் ஃபேன்டசியாவுக்கு (வோட்கென் 67) வாருங்கள். மிகவும் சோகமாகவும் மிக மெதுவாகவும் வாசிக்கும்படி அதன் தலையில் குறித்திருக்கிறார். இதை வயலினோடு சேர்த்து மாற்றி எழுதியபோது, ‘சி. பி. இ. பாக்கின் உணர்வுகள்’ என்று தம் பெயரையே தலைப்பில் வைத்தார்.

இவை எல்லாவற்றையும் கேட்ட பிறகு, ‘என் ஜில்பர்மன் கிளாவிகார்டுக்கு விடை’ என்ற சிறு ரோண்டோவை (வோட்கென் 66) தேடி எடுங்கள். பர்னி பார்த்து வியந்த அந்தக் கருவியை 1781இல் கூர்லாந்தைச் சேர்ந்த ஒரு பிரபுவுக்குக் கொடுத்துவிட்டபோது, கருவியோடு சேர்த்து அனுப்பிய இசை இது. ரோண்டோ என்றால் குதூகலமான வடிவம் என்று நினைத்திருந்த காலத்தில், துயரத்தையும் அதில் சொல்லலாம் என்று காட்ட எழுதினார். அந்தக் கருவியைத் தவிர வேறெதிலும் இதை நன்றாக வாசிக்க முடியாது என்றும் சொன்னார். ஈ மைனரில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி, சில நீண்ட சுரங்களில் விரல் நடுங்க நடுங்கப் போகிறது. முதலில் கிளாவிகார்டில், ஒலியளவை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். பிறகு இதே படைப்பைப் பியானோவில் வாசித்த பதிவைப் போட்டு, அந்த நடுங்கும் சுரங்கள் வரும் இடத்தில் என்ன காணாமல் போகிறது என்று கேளுங்கள்.